அக்காவின் சத்தமில்லாத ஃபோர்வீல்

“…ஏறலன்னா திங்கக்கெழம காலையில சாவியக் கொண்டுபோயி வண்டிக் கடைக்காரன் மேசையில வச்சிட்டு வந்துர்றேன், போதுமாலா? ஆனா வண்டியப் பாக்காமலே ஏறாதுன்னு சொல்லாதீங்க தலைவரே!”

அக்கா இப்படிச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், எங்கள் கோயில் தலைவர் வீட்டு வாசலில். சொல்லிவிட்டுப் பின்னால் நின்ற வண்டியைக் கட்டைவிரலால் காட்டினார். முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வண்டிக்கு ஃபோர்வீல் என்றுதான் பேர். ஆனால் இது புது ரகம். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. கைப்பேசிக்கு ஏற்றுவதுபோல வீட்டுப் பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றலாம். சார்ஜ் குறைந்தாலோ பாரம் கூடினாலோ இன்ஜின் தானாகக் கைகொடுக்கும். பின் தொட்டியில் இரண்டு பிளக்குகளும் இருக்கின்றன. அவற்றில் விளக்கோ கிரைண்டரோ செருகினால் வண்டியே மின்சாரம் கொடுக்கும்.

அக்கா எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. நான் பிறந்த அதே தோட்டத்தில் பிறந்து, இப்போது நான் இருக்கும் தாமானில், அதாவது குடியிருப்பில், நாலு வீடு தள்ளி இருப்பவர். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று ஈப்போவில் எங்கே பந்தி போட்டாலும் பாதிக்கு அக்கா சமையல்தான். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்த நான் இப்போது அவருக்கு அண்டா தூக்குகிறேன். சம்பளத்தோடு சாப்பாடு, சாப்பாட்டோடு திட்டு. அந்தத் திட்டுக்காகவே வேலைக்குப் போகலாம். ஒரு நாள் ரசத்தை ருசி பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, இதுல உப்பு இல்ல. உன் பேச்சுல இருக்கறதுல கொஞ்சம் எடுத்துப் போடு.” யாராவது இப்படி ஒன்று சொல்லிவிட்டால் அந்தச் சந்தோஷத்திலேயே எனக்கு அன்றைக்குப் பசி எடுக்காது.

அவருடைய பழைய டீசல் ஃபோர்வீலின் கியர்பெட்டி போய்விட்டது. அதே மாதிரி இன்னொரு டீசலை எடுப்பதா, இந்தப் புது ரகத்துக்கு மாறுவதா என்ற யோசனையில் இருந்தபோதுதான் வண்டி விற்கும் கடைக்காரர் மூன்று நாள் ஓட்டிப் பார்க்க வண்டியைக் கொடுத்தார். அக்கா அந்த மூன்று நாளுக்குள் எங்கள் திருவிழா வருகிற மாதிரி பார்த்துக்கொண்டார். தேரை இந்த வண்டியால் எங்கள் தோட்டத்து மேட்டிலிருக்கும் மேல் லயம் வரைக்கும் இழுத்துப் போக வேண்டும். தலைவரிடம் வாதாடியது அதற்காகத்தான்.

எங்கள் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய, நாங்கள் இருந்த லயத்து வீடுகள் ஒன்றுகூட இல்லை. அம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை எல்லாரும் கூடித் தேர் இழுக்கிறோம். தேர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று போக வேண்டும் என்பது முறை. வீடே இல்லாமல் வாசல் ஏது என்று கேட்பீர்கள். வீடு இருந்த இடத்தில் எந்தச் செம்பனை நிற்கிறதோ அந்த மரத்தில் சுண்ணாம்பால் வீட்டு எண்ணை எழுதிவிட்டோம். குடும்பத்தில் மூத்தவர் அர்ச்சனைத் தட்டோடு அந்த மரத்தடியில் நிற்பார். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் ஒரே மரம்தான் வாய்த்தது. இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கமாக முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். “லயத்துல இருந்தப்பவும் நடுச்சுவரு மெலிசுதான்லா” என்பார் பதினெட்டாம் வீட்டுக்காரர்.

தேர் கிளம்பும் முன்பே எல்லாரும் அவரவர் மரத்துக்குப் போய்விட வேண்டும். தேரோடு வருவது மேளக்காரர்கள், பூசாரி, வண்டி ஓட்டுகிறவர், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் மட்டும். தேர் விளக்குக்கு, தேரை இழுக்கும் லாரியில் ஒரு டீசல் ஜெனரேட்டர் ஏற்றியிருப்போம். அது போடும் சத்தத்தில் மேளக்காரர்கள் அடிப்பது கையசைவாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சத்தம்தான் எங்களுக்கு அறிவிப்பு. சத்தம் கிட்ட வந்தால் சூடத்தைக் கொளுத்த வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் லாரியை ஓட்டியவன் நான். கீழ் லயம் சமதரை. அதைத் தாண்டினால் செம்மண் மேடு, அதன் உச்சியில் மேல் லயம். தேரை நடக்கிற வேகத்தில்தான் இழுக்க வேண்டும். டீசல் லாரி அந்த வேகத்துக்குப் பிறந்ததில்லை. முதல் கியரில், அரை கிளச்சில், பாதி மேடு ஏறினேன். கிளச் கருகும் நாற்றம் அம்மனுக்குப் போட்ட சாம்பிராணியையே அடக்கிவிட்டது. பிறகு லாரி ஒரு முழம் பின்னால் சரிந்தது. கட்டை போட்டு நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை. அம்மன் கழுத்து மாலை மட்டும் அறுந்து விழுந்தது. தேர் மேல் லயத்தைப் பார்க்காமலே திரும்பியது.

ஆகையால் இந்த வருஷம் தேர் மேட்டடியிலேயே திரும்பட்டும், மேல் லயத்துக் குடும்பங்கள் இறங்கி வந்து கும்பிடட்டும் என்று தலைவர் முடிவு செய்திருந்தார். அவர் கீழ் லயம், ஐந்தாம் எண். அக்கா மேல் லயம், முப்பத்தொன்று, கடைசி வீடு.

“இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா இனிமே யாரும் மேல கொண்டு போகச் சொல்லக் கூடாது. சம்மதமா?” என்றார் தலைவர்.

“சம்மதம். ஏறுச்சுன்னா இனிமே யாரும் கீழயே நிறுத்தச் சொல்லக் கூடாது” என்றார் அக்கா.

ஒப்பந்தம் அப்படி. சனிக்கிழமை முழுக்க அக்கா அந்த வண்டியைச் சோதித்தார், சோதித்தார் என்பதைவிட வேலை வாங்கினார் என்று சொல்வதுதான் சரி. காலையில் பசாருக்குப் போய் அரிசி, காய்கறி, வாழையிலைக் கட்டு எல்லாம் ஏற்றினோம். அங்கிருந்து ஒரு மண்டபம், பிறகு வீடு. ஊருக்குள் சுற்றியதில் இன்ஜின் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. மத்தியானம் வீட்டு வாசலில் பிளக்கைச் செருகிவிட்டு இருவரும் சோறு சாப்பிட்டோம். “பாரு, நம்மளோட அதுவும் சாப்புடுது. நம்மள மாதிரி அரட்டை மட்டும் அடிக்கல” என்றார் அக்கா.

நான் அவ்வளவு சுலபமாக மயங்குகிறவன் இல்லை. டீசல் புகையில் வளர்ந்த உடம்பு இது. எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் மூடியைத் திறந்து, ஆரஞ்சு நிறத்தில் தடித்த மின்கம்பிகளைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அண்ணே, இதுல கை வைக்க நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போகணும். பத்து வருஷம் கழிச்சு இந்தப் பேட்டரி என்ன ஆகும்னு கேக்காத. எனக்கே பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு தெரியாது” என்றார். கேலி போலச் சொன்னாலும் அதில் நியாயம் இருந்தது. கெட்டுப்போனால் நம் ஊர்ப் பட்டறையில் பார்க்க முடியுமா, விற்கப் போனால் யார் வாங்குவார்கள், ஒரே நேரத்தில் குளிர்சாதனமும் போட்டு வண்டிக்கும் சார்ஜ் ஏற்றத் தாமான் வீட்டு மின்கம்பி தாங்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைக்காரரிடமும் கேட்டேன். அவர் சீனர், என் வயதுதான். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர், அதனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். “அண்ணே, நான் பொய் சொல்ல மாட்டேன். நாளு பூரா தூர ஓட்டம் ஓடறவனுக்கு டீசலே போதும். ஊருக்குள்ள சுத்திட்டு, மாசத்துல நாலு நாளு தோட்டம் தொரவுன்னு போறவனுக்கு இது. அக்கா அந்த ரகம்” என்றார். சாமித் தேரை இழுக்கலாமா என்று அக்கா அவரிடம் அனுமதி கேட்டபோது சொன்னாராம்: “எடுத்துட்டுப் போங்கலா. கீறல் விழுந்துச்சுன்னா உங்கிட்ட கேக்க மாட்டேன், அம்மன்கிட்டதான் கேப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் தோட்டத்துக்குள் நுழையும்போது செம்மண் பாதை குழைந்து கிடந்தது. நான் இறங்கிப் போய் மேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். போன வருஷம் காய்ந்த மண். இந்த வருஷம் ஈர மண். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, மேடு உன்னைய நலம் விசாரிச்சுச்சா?” என்றார்.

தேரை வண்டியின் பின் கொக்கியில் மாட்டினோம். தேர் விளக்கின் வயரைத் தொட்டியில் இருந்த ஒரு பிளக்கில் செருகினோம். சரம்சரமாக எல்லாம் எரிந்தன. ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், கயிறு போட்டுக் கட்டிய பெரிய மின்சாரச் சோற்றுப் பானை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதுவும் இன்னொரு பிளக்கில் செருகியிருந்தது.

“இது எதுக்குக்கா?”

“சும்மா இருக்கட்டும். நீ கட்டையப் பாரு.”

தெலுக் இந்தானிலிருந்து வர வேண்டிய மேளக்காரர்கள் மழையில் வழியில் மாட்டிக்கொண்டார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். வண்டியின் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தீபாராதனை காட்டி, “சரி தாயி, இப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார்.

“பண்ணிட்டேன் சாமி.”

“பண்ணுங்க.”

“பண்ணியாச்சு!”

பூசாரி காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, எலுமிச்சம்பழங்கள் நசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி நகர்ந்துவிட்டது. பூசாரி தட்டோடு பின்னால் ஓடி வந்தார்.

அப்போதுதான் முதல் தடவையாக அதைக் கேட்டேன். தேரின் நாலு மூலையிலும் சின்னச் சின்ன வெண்கல மணிகள் இருக்கின்றன. மேட்டிலும் பள்ளத்திலும் அவை குலுங்குகின்றன. சின்ன வயதிலிருந்து அந்தத் தேரைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதில் மணி இருப்பது கண்ணுக்குத் தெரியும், அதற்குக் குரல் உண்டு என்பது தெரியாது.

ஆனால் மணிச்சத்தம் எவ்வளவு தூரம் போகும்? மரத்தடிகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். முதல் வீட்டுக்காரர்கள் பாயில் உட்கார்ந்து பலகாரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அம்மன். வாயில் பாதி வடையோடு ஒருவர் கும்பிட்டார். மூன்றாம் வீட்டில் சூடம் எங்கே, தீப்பெட்டி எங்கே என்று ஒரே தேடல். பதினேழும் பதினெட்டும் ஒரே தீக்குச்சிக்குச் சண்டை போட்டுக்கொண்டு கடைசியில் ஒரே தட்டில் கொளுத்தினார்கள்.

அதற்கு முன்னால் ஐந்தாம் எண்ணில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கைப்பேசியில் மேளக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். “இன்னும் தேரே கெளம்பலலா, நீங்க மெதுவா வாங்க, இங்க ஒரு சத்தத்தையும் காணோம்!” என்று அவர் சொல்லி முடிக்கும்போது அம்மன் அவருக்குப் பின்னால் நின்றாள். பூசாரி மணி அடித்தார். தலைவர் துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

“சொல்லிட்டு வரக் கூடாதா?” என்றார், மூச்சு வாங்க.

அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். “சாமிதான் தலைவரே வந்திருக்கு. கொரியர் இல்ல, போன் பண்ணிட்டு வர்றதுக்கு.”

தலைவரே சிரித்துவிட்டார். சூடம் கொளுத்தும்போது அவர் கண் வண்டியின் சக்கரங்களில் இருந்ததைக் கவனித்தேன்.

கீழ் லயம் முடியும் இடத்தில், எண் எழுதாத மரம் ஒன்றின் கீழே ஒரு ஆள் தட்டோடு நின்றார். தட்டில் ஆரஞ்சுப் பழம், ஊதுவத்தி. கிட்டப் போனால் நம் கடைக்காரர். அங்கேதான் அவருடைய அப்பாவின் மளிகைக் கடை இருந்தது.

“வண்டிக்குக் காவலா?” என்று கேட்டேன்.

“வண்டிய நாளைக்குப் பாத்துக்கறேன் அண்ணே. இன்னிக்குக் கடை தொறந்திருக்கு” என்றார். அந்தச் சொல்லை அன்றைக்கே மனதில் எழுதிவைத்தேன்.

மேட்டடிக்கு வந்தோம். கீழ் லயத்து ஆட்கள் கும்பிட்டு முடித்துவிட்டுப் பின்னாலேயே வந்து கூடியிருந்தார்கள். அக்கா இறங்கி, கயிறு சரிபார்க்கிற மாதிரி தொட்டிப் பக்கம் போய், பானை மூடியைத் திறந்து எதையோ கொட்டிக் கிளறி மூடினார். பிறகு ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்து, “கட்டை தயாரா?” என்றார்.

“தயார்க்கா.”

வண்டி மேட்டில் முகத்தை வைத்தது. நான் தேரின் பின் சக்கரத்தை ஒட்டிக் கட்டையைக் கையில் பிடித்தபடி நடந்தேன். இருபத்தாறு வருஷம் பாரம் இழுத்தவனின் காது, மூக்கு, உள்ளங்கால் எல்லாம் விழித்துக்கொண்டன. வண்டி நான் நடக்கிற வேகத்தில், ஒரே சீராக, இழுப்பு விட்டு விட்டு வராமல் ஏறியது. கியர் மாற்றும் உதறல் இல்லை. அரை கிளச் என்ற பேச்சுக்கே இடமில்லை. போன வருஷம் நான் சரிந்த இடம் வந்தது. பெரிய கல் ஒன்று அங்கே கிடக்கும், மறக்க மாட்டேன். அங்கே வண்டியின் முன் சக்கரம் ஒன்று சேற்றில் வழுக்கியது. தேர் லேசாக ஆடியது. மணிகள் கலகலத்தன. அந்த நேரம் பார்த்து, அதுவரை தூங்கிய இன்ஜின் உர்ரென்று எழுந்தது.

“போச்சு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“போகலலா, இப்பத்தான் வந்திருக்கு!” என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினார்.

சக்கரம் பிடித்துக்கொண்டது. இன்ஜினும் மோட்டாருமாகச் சேர்ந்து, தோள் கொடுக்க இன்னொரு ஆள் வந்த மாதிரி, தேரை மேலே இழுத்தன. நான் மூக்கை விரித்தேன். போன வருஷம் இந்த இடத்தில்தான் கருகல் நாற்றம் வந்தது. இப்போதும் ஏதோ வந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். நெய். ஏலக்காய். வெல்லம்.

உச்சியில் இன்ஜின் மறுபடி அடங்கியது. மேல் லயத்தில் பதினோரு குடும்பம்தான். அவர்களில் ஒருவரும் பாயில் உட்கார்ந்திருக்கவில்லை, எல்லாரும் நின்றுகொண்டு மேட்டையே பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு மரமாக நின்று நின்று போய், கடைசியில் முப்பத்தொன்றாம் எண்ணுக்கு வந்தோம். அங்கே யாரும் இல்லை. நிற்க வேண்டியவர்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா இறங்கினார். தொட்டியிலிருந்த பானையின் மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. சர்க்கரைப் பொங்கல். அந்தக் காலத்தில் தேர் வாசலுக்கு வந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு படைப்போம். வீடு போன பிறகு எல்லாரும் ஈப்போவில் சமைத்துப் பெட்டியில் அடைத்து ஆறிப்போனதைத்தான் படைத்து வந்தோம். அக்கா வாழையிலையில் பொங்கலை எடுத்து வைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு, மரத்தடியில் போய் நின்றார். பூசாரி தீபம் காட்டினார். மணி மட்டும் ஆடியது.

திரும்பி இறங்கிக் கோயிலுக்கு வந்தபோது வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், இனி வருகிற ஃபோர்வீல் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னார். செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரர் ஒருவர், முதலில் அந்தச் சேற்றில் தினமும் இரண்டு வருஷம் ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனால் இத்தனை வருஷம் வண்டியின் பலத்தை அதன் சத்தத்தை வைத்து எடை போட்டவன் நான். பலமான ஒன்று இவ்வளவு மெதுவாக, இவ்வளவு அமைதியாக நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைவர் இரண்டாம் தடவை பொங்கல் வாங்க வந்தபோது அக்கா, “மேல ஏறிப் போனாதான் கெடைக்கும்” என்றார். கிண்டலுக்குச் சொன்னார். தலைவர் நிஜமாகவே அடுத்த வருஷம் ஏறுவதாகக் கையடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை. சேறெல்லாம் கழுவித் துடைத்த வண்டியில் நானும் அக்காவும் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேசையிலிருந்து எழுந்தார். அக்கா நேராகப் போய்ச் சாவியை அவர் முன்னால் வைத்தார்.

கடைக்காரர் முகம் விழுந்தது. “ஏன்க்கா? ஏறுச்சே! நான்தான் கீழ நின்னு பாத்தேனே!”

“ஏறுச்சு. இது நீ இரவல் குடுத்த சாவி. எனக்குன்னு ஒண்ணு குடு” என்றார் அக்கா. பிறகு கைப்பையைத் திறந்து, நாலு எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தச் சாவிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.